கை மாறி வந்த ஜால்ரா

ஜோகுபாளையம் பஜனைக் கோயிலில் யாரும் யாரையும் "நீ பாடாதே" என்று வாயால் சொன்னதில்லை. அதற்கு ஜால்ரா இருந்தது.

யாருடைய குரலாவது சுருதியை விட்டு இறங்கி ரோட்டில் நடக்க ஆரம்பித்தால், ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் லட்சுமம்மா இடது கையால் துருத்தியை விடாமல், வலது கையால் பக்கத்தில் கிடக்கும் ஜால்ராவை எடுத்து அருகிலிருப்பவரிடம் கொடுப்பாள். அவள் மோவாய் காட்டுகிற திசையில் அது கை மாறிக் கை மாறிப் போகும். பாட்டு நிற்காது. யாரிடம் போய் நிற்கிறதோ அவர் எழுந்து, டோலக் வாசிக்கும் சீனுவுக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஜால்ரா தட்டுகிறவர் பாடக் கூடாது. ஆறுதலுக்கு ஒரு சலுகை உண்டு. பூஜை முடிந்ததும் முதல் தொன்னை சுண்டல் அவருக்குத்தான். சில வாரம் கழித்து லட்சுமம்மாவே மனமிரங்கி ஜால்ராவைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். வாங்காமலே விட்டதும் உண்டு. கடைசியாக அந்த மூலையில் இருந்த அனந்தபத்மநாபன், நான்கு வருஷம் சுண்டல் தின்று சலித்து, ஓசூரில் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டார்.

சின்னப்பாவிடம் ஜால்ரா ஒரு நாளும் வந்ததில்லை. இருபது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வருகிறவர். ஆண்கள் வரிசையில் முதல் ஆள். அப்பழுக்கில்லாத பாடகர் என்றுதான் கோயிலில் பெயர். அப்பழுக்கு இல்லாததற்குக் காரணம், அவர் பாடியதே இல்லை.

முப்பது வருஷம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் அவர். அவர் நிறுத்தத்தின் பெயரைக் கூவினால், தூங்குகிறவர்கள் மட்டுமல்ல, பின்னால் வரும் பஸ்ஸில் இருப்பவர்களும் இறங்கிவிடுவார்கள் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அந்தக் குரலுக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது. பஜனைக்கு அவரை முதன்முதலில் அழைத்து வந்தது அவர் மனைவி சீதாலட்சுமி. அவள் நன்றாகப் பாடுவாள். இடம் சின்னது, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பெண்கள் வரிசையின் கடைசியில், தூணோரம் அவள். அவளுக்கு நேர் பின்னால் அவர். முதல் சனிக்கிழமை, முதல் பாட்டின் முதல் அடியில் அவர் வாயைத் திறந்தார். இரண்டாவது அடி வருவதற்குள் சீதாலட்சுமி திரும்பாமல், தலையை மட்டும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க வாயை மட்டும் அசைங்க. சாமிக்குப் புரியும்."

அன்றிலிருந்து அவர் வாயை மட்டும் அசைத்தார். நாளாக ஆக அதில் ஒரு தேர்ச்சியும் வந்துவிட்டது. சரியான இடத்தில் மூச்சு வாங்குவார். உச்சத்தில் கண்ணை மூடுவார். அடி முடியும்போது தலையை லேசாக ஆட்டி, வலது கையைத் தொடையில் வைப்பார். பார்க்கிறவர்களுக்கு, அந்தக் கூட்டத்திலேயே உருகிப் பாடுகிறவர் அவர்தான். ஒருமுறை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவர், வாசலில் நின்று பார்த்துவிட்டு, அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் வீட்டு நலங்குக்குப் பாடுவாரா என்று கேட்டுவிட்டார். சீதாலட்சுமி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தாள். ஒரு கட்டத்தில் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்தில், காய்ச்சல் என்று படுத்தவள் அப்படியே போய்விட்டாள்.

தூணோரம் அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் பேசி முடிவெடுக்கவும் இல்லை. காலியாக இருக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை யாரோ சுண்டல் பாத்திரத்தை அங்கே வைத்தார்கள். அடுத்த வாரமும் வைத்தார்கள். பிறகு அது பாத்திரத்தின் இடமாகிவிட்டது. சின்னப்பா பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வாயை அசைத்தார். மாத்திரை போட்டீர்களா, கேஸை மூடினீர்களா என்று கேட்கும் பொறுப்பை அத்திபெலேயிலிருந்து மகள் ஷோபா போனில் எடுத்துக்கொண்டாள். சீதாலட்சுமி சொன்னவற்றில் அவராகக் கேட்டு நடக்க மிச்சமிருந்தது இந்த வாயசைப்பு ஒன்றுதான்.

ஷோபா போன் செய்யும்போதெல்லாம், தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள், இங்கே வந்து எங்கள் கடையில் உட்காருங்கள் என்பாள். சனிக்கிழமை பஜனை இருக்கிறதே என்பார் அவர். அத்திபெலேயில் இல்லாத பஜனையா என்பாள் அவள். இந்தக் கேள்விக்கு மட்டும் போனில் சிக்னல் கிடைக்காது.

இப்படி இருக்கும்போதுதான் இளவேனில் வந்தாள்.

நாமக்கல் பெண். இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். கூட்டமாகச் சேர்ந்து பாடினால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்பது அவள் ஆராய்ச்சி. தேவாலயப் பாடகர் குழு ஒன்று ஏற்கெனவே சம்மதித்துவிட்டது, இப்போது ஒரு பஜனைக் குழு வேண்டும் என்று வந்து நின்றாள். தேவாலயத்துக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்றதுமே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்காக லட்சுமம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்லதுன்னு தெரிஞ்சுதானேம்மா பாடறோம். அதை இன்னாத்துக்கு அளந்து பாக்கணும்?"

"உங்களுக்குத் தெரியுதுங்க. அளந்து சொன்னாத்தானுங்க டாக்டருங்களுக்குத் தெரியும்."

லட்சுமம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. டாக்டர்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. மூன்று மாதம், சனிக்கிழமைதோறும் பாட வேண்டும். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் கூட்டத்தில் உட்காரலாம். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோரையும் சோதித்துப் பார்ப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சின்னப்பாவும் போட்டார். போடாமல் எப்படி இருப்பது? போடாவிட்டால் பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார முடியாதே.

முதல் சோதனை எச்சில். சின்னக் குப்பியில் துப்பிக் கொடுக்க வேண்டும், மனசின் அழுத்தம் எச்சிலில் தெரியுமாம். கோயிலுக்குள் துப்புவதா என்று லட்சுமம்மா எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டாள். இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று பக்தர்கள் குப்பியில் துப்பினார்கள். தெருவில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, குடித்துவிட்டு ஓட்டிய கேஸா என்று விசாரித்தார்கள். எச்சில் கொடுக்கும் முன் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதால் அன்றைக்குச் சுண்டல் கடைசியில்தான். ஆனால் தாளித்த வாசனை வெளியே வந்தது. எல்லோருடைய குப்பியும் சீக்கிரமே நிறைந்தது.

அடுத்தது கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் தனிமையாக உணர்ந்தீர்களா? தூக்கம் கெட்டதா? மனம் சோர்ந்ததா? சின்னப்பா அலுவலகப் படிவங்களில் பழகிய மனிதர். உன்மேல் வழக்கு உண்டா, இல்லை. நோய் உண்டா, இல்லை. படிவம் என்றால் 'இல்லை'தான் பத்திரம் என்பது அவர் அனுபவம். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது மூச்சு. ஒரு குழாயில் ஒரே மூச்சாக ஊத வேண்டும். எவ்வளவு காற்று, என்ன வேகம் என்று மடிக்கணினியில் கோடு ஏறும். லட்சுமம்மாவுக்குக் கோடு ஓரளவு ஏறியது. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் உமேஷுக்கு முப்பத்தைந்து வயதுதான், அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஏறியது. சின்னப்பா ஊதினார். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. இளவேனில் குழாயைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் ஊதச் சொன்னாள். மறுபடியும் அதே உயரம். அவர் வயசில் இப்படி ஒரு நுரையீரலை அவள் பார்த்ததில்லை.

"எத்தனை வருசமாங்கய்யா பாடுறீங்க?"

"இருபது வருசமா" என்று அவருக்காக நாலு பேர் சொன்னார்கள். அவள் முகம் மலர்ந்து குறித்துக்கொண்டாள். நாள் முழுக்க விசில் ஊதி ஊதி முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்தியதும் கிளப்பியதும் அந்தக் கணக்கில் வரவில்லை. சின்னப்பா விசிலைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் லட்சுமம்மா அதற்குள், பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், மூச்சை வீணாக்காமல் பாடினால் இப்படித்தான் என்று மற்றவர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். மூச்சை வீணாக்கவில்லை என்பது உண்மைதான்.

ஆறு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. ஆறாவது வாரம் முடிவில் இளவேனில் புதிதாக ஒன்று சொன்னாள். அடுத்த வாரம் ஒவ்வொருவர் காலரிலும் ஒரு குட்டி மைக் மாட்டப்போகிறாள். ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாகப் பாடுகிறார்கள் என்று தனித்தனியாகப் பதிவாகும். எல்லோரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள். சின்னப்பா தொன்னையைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று அவளை பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று அவரும் கூடவே நடந்தார். பழைய மெட்ராஸ் ரோட்டு நிறுத்தத்தில் எந்த பஸ் எப்போது வரும், எதில் உட்கார இடம் கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது. அதில் ஏறாதே, அடுத்தது காலியாக வரும் என்றார். அதுவும் வந்தது. அதையும் வேண்டாம் என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ சொல்ல வர்றீங்க."

"மைக்கு எனக்கு மட்டும் மாட்டாம விட முடியுமாம்மா?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சீதாலட்சுமி தலையைச் சாய்த்துச் சொன்னது, வாயசைப்பு, விசில், பாத்திரம், எல்லாம். இளவேனில் சிரித்தால் தானும் சிரித்துத் தப்பித்துவிடலாம் என்று பார்த்தார். அவள் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். பாட்டினால் நுரையீரல் பலப்படுகிறது என்பதற்கு அவள் கையிலிருந்த நல்ல சான்றே இவர்தான். அந்தச் சான்று இதுவரை ஒரு சொல்கூடப் பாடியதில்லை.

"நீங்க பாடாம உக்காந்திருந்தா, என் கணக்குல பாடினவர்னுதானுங்கய்யா போகும். அது பொய்யாயிருமில்லீங்களா? ஒண்ணு ஆராய்ச்சியிலிருந்து விலகிக்குங்க. இல்லாட்டி மிச்சமிருக்கிற வாரமாச்சும் பாடுங்க. எதுன்னாலும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன். எங்க விதியே அது."

விலகினால் அத்தனை சனிக்கிழமையும் வெளியே நிற்க வேண்டும். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். பாடினால் ஜால்ரா வரும். ஜால்ரா வந்தால் தூணோரம் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் அத்திபெலே ஒரு அடி நெருங்கி வந்தது. அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி 'ரைட்' கொடுத்தார்.

அந்த வாரம் முழுக்க யோசித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது சீதாலட்சுமியின் படத்துக்கு முன்னால் நின்றார். ஒரு படிக்கிற பெண்ணின் விஷயம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

காலரில் மைக் ஏறியது. லட்சுமம்மா ஒரு அடி பாட, கூட்டம் அதைத் திருப்பிப் பாடியது. சின்னப்பா சுண்டல் பாத்திரத்தின் மறைவில் நன்றாகக் குனிந்துகொண்டு, இருபது வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்து சத்தத்தையும் கூடவே விட்டார்.

குரல் விட்ட இடத்திலேயே இருந்தது, ஒன்றும் திருந்தியிருக்கவில்லை. பயத்தில் அடக்கிப் பாடியதால், பஸ் நிறுத்தம் கூவுகிற குரல் என்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டிக் கிடந்த மாடு தும்பை அறுத்துக்கொண்டு சந்தையில் ஓடுவதுபோல அது மற்றக் குரல்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. லட்சுமம்மாவின் புருவம் நெரிந்தது. இரண்டாவது பாட்டிலும் மாடு வந்தது. அவள் காதைத் தீட்டினாள். இங்கேதான் அந்தத் தூண் தன் வேலையைக் காட்டியது. சின்னப்பா வாயிலிருந்து புறப்பட்ட சத்தம் தூணில் மோதி, வலது பக்கம் திரும்பி, உமேஷ் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வருவதுபோலக் கேட்டது. உமேஷ் கூட்டத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அம்மா தமிழ், அப்பா கன்னடம், நல்ல சாரீரம். ஆனால் புது ஆள். சந்தேகம் எப்போதும் புது ஆள் மேல்தானே விழும்?

ஜால்ரா புறப்பட்டது.

ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. நான்காவது கை சின்னப்பாவுடையது. அவரிடம் வந்ததும், தனக்குத்தான் என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். லட்சுமம்மா மோவாயை இன்னும் தள்ளிக் காட்டினாள். பக்கத்து ஆளுக்கு. சின்னப்பா என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள், நிறைந்த பஸ்ஸில் சில்லறையைக் கை மாற்றிவிடுகிற வேகத்தில், அதை உமேஷின் கையில் வைத்துவிட்டார்.

உமேஷ் ஜால்ராவைப் பார்த்தான். லட்சுமம்மாவைப் பார்த்தான். எழுந்து மூலைக்குப் போனான். காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாசலோரம் உட்கார்ந்திருந்த இளவேனிலுக்கு அது யார் குரல் என்று தெளிவாகத் தெரியும். சொல்லத்தான் விதி இல்லை. அவள் சின்னப்பாவைப் பார்த்தாள். சின்னப்பா பாத்திரத்தைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் பயந்துபோய் மறுபடியும் வாயை மட்டும் அசைத்தார். அதுதான் பெரிய தப்பாகப் போயிற்று. உமேஷ் மூலையில் வாய் திறக்காமல் ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தான், கூட்டத்தில் ஒரு பிசிறு இல்லை. லட்சுமம்மா வெற்றியோடு சுற்றிலும் பார்த்தாள். "பாத்தீங்களா, தண்ணி தெளிஞ்சுடுச்சு" என்றாள். குற்றம் நிரூபணமாகிவிட்டது.

முதல் தொன்னையை வாங்கிக்கொண்ட உமேஷ் அதைச் சாப்பிடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சின்னப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவனிடம் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தார். அவன் முந்திக்கொண்டான்.

"ஏன் அங்கிள், நான் அவ்ளோ மோசமாவா பாடறேன்?"

லிஃப்ட் வேலையில் நேரம் காலம் கிடையாது, எந்தக் கட்டடத்தில் எவன் மாட்டிக்கொண்டாலும் இவனுக்குத்தான் போன் வரும், படுத்தாலும் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்றான். இங்கே வந்து பாடிவிட்டுப் போகிற அன்றைக்கு மட்டும் அடித்துப் போட்டாற்போலத் தூங்குவானாம். ஜால்ரா தட்டிவிட்டுப் போன அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. சும்னே, வெறுமனே எதற்கு வர வேண்டும், அடுத்த வாரத்தோடு நின்றுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றான். சொல்லிவிட்டுத் தன் தொன்னையை அவரிடமே கொடுத்தான். அதில் தேங்காய் தூக்கலாக இருந்தது. அவரால் ஒரு கடலையைக்கூட மெல்ல முடியவில்லை.

அன்றும் இளவேனிலை பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். பஸ்ஸில் கால் வைக்கும்போதுதான் திரும்பினாள்.

"உங்க ரகசியத்தைக் காப்பாத்துறேன்னுதான் சொன்னேங்கய்யா. இன்னொருத்தர் தலையில கட்டுறதுக்கு ஒத்துக்கலை."

பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அன்றைக்கு 'ரைட்' கொடுக்கக் கை எழவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் சீக்கிரமே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். உமேஷ் கடைசியாக வந்து, மூலையில் போய், ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு தொடங்கியது. முதல் பாட்டில் சின்னப்பா வாயை அசைத்தார். இரண்டாவதிலும் அசைத்தார். மூன்றாவது பாட்டில் ஓர் இடம் உண்டு. லட்சுமம்மா ஒரு அடியை நீட்டி முடித்ததும், ஆர்மோனியம், டோலக், ஜால்ரா எல்லாம் ஒரு மூச்சு நேரம் நிற்கும், பிறகு கூட்டம் ஒன்றாகப் பாடும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் கோயில் அமைதியாக இருக்கும். சின்னப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாத்திரத்தின் மறைவு வேண்டாம் என்று தலையைத் தூக்கிக்கொண்டார். கூட்டத்துக்கு ஒரு மூச்சு முன்னால், தனியாக, முப்பது வருஷ நுரையீரலின் முழுப் பலத்தோடு அந்த அடியைப் பாடினார்.

அடியின் கடைசியில் வருகிற ராமர் பெயர் சிவாஜி நகர் பஸ் நிலையத்தில் கேட்கிற மாதிரி வந்தது. தெருவில் ஓர் ஆட்டோ நின்றது. டோலக்கில் சீனுவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று சின்னப்பா அந்த அடியை இன்னொரு தரம் பாடினார். பிறகு எழுந்து மூலைக்குப் போய், உமேஷின் மடியிலிருந்த ஜால்ராவை எடுத்துக்கொண்டார்.

"எழுந்திருப்பா. உன் இடத்துக்குப் போ. அன்னிக்குப் பாடினது நான்."

லட்சுமம்மாவுக்குத்தான் முதலில் குரல் வந்தது. துருத்தியை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, அப்ப இருபது வருசமா நீங்க பாடினது?"

"பாடலை. வாயை அசைச்சிக்கினு இருந்தேன். சீதா அப்படித்தான் சொன்னா."

லட்சுமம்மா அவரைப் பார்த்தாள். தூணோரம் இருந்த சுண்டல் பாத்திரத்தைப் பார்த்தாள். அவளும் சீதாலட்சுமியும் வருஷக்கணக்காக ஒன்றாகப் பாடியவர்கள். பல வருஷம் முன்னால் ஒருநாள், உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு உருகிப் பாடுகிறார் என்று இவள் மெச்சியபோது, சீதாலட்சுமிக்குப் புரையேறி, வெளியே ஓடிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று எல்லோரும் பார்த்தார்கள். முந்தானையை எடுத்தபோது கண்ணில் தண்ணீரும் இருந்தது, ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவி, என்கிட்டகூட மூச்சு விடலை பாரு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தலைவிக்குரிய முகத்தை மறுபடியும் மாட்டிக்கொண்டாள். "அவ சொன்னா சரியாத்தான் சொல்லிருப்பா. நீங்க வாயை மூடிக்கினு ஜால்ராவைத் தட்டுங்கண்ணா."

அங்கேதான் இளவேனில் குறுக்கிட்டாள். மூடக் கூடாதுங்கம்மா, அவர் பாடியாக வேண்டும், ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், உமேஷுக்கே நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும் என்றாள். ஜால்ரா தட்டுகிறவர் பாடக் கூடாது என்பது இந்தக் கோயில் வழக்கம் என்றாள் லட்சுமம்மா. நடுவில் பாட்டு நின்றுபோய், ராமர் காத்திருக்க, வழக்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பேரம் நடந்தது. பாட்டுக்கு ஓர் அடி என்று கடைசியில் முடிவாயிற்று. அதுவும் கடைசி அடி. அதுவும் ஆராய்ச்சி முடியும்வரைக்கும்தான். உமேஷிடம் லட்சுமம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த பாட்டை நீயே எடுத்துக் கொடு என்றாள். அவன் எடுத்துக் கொடுத்த விதத்தில், தூணும்கூட வெட்கப்பட்டிருக்கும்.

மூலையிலிருந்து பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. தூணோரம் உட்கார்ந்து இவ்வளவு நாளும் அவர் பார்த்தது சீதாலட்சுமியின் கொண்டை, அப்புறம் ஒரு பித்தளைப் பாத்திரத்தின் முதுகு. இங்கிருந்து எல்லோருடைய முகமும் தெரிந்தது. சீதாலட்சுமியின் இடம் முன்பக்கமாகத் தெரிந்தது. பாடும்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தான் பார்த்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சீனு எத்தனையோ வருஷமாக இங்கிருந்து பார்த்திருப்பான். ஒருநாள் அவனிடம் கேட்க வேண்டும். பூஜை முடிந்ததும், முதல் தொன்னை உங்களுக்குத்தான் என்று கூப்பிட்டார்கள். தூணோரம் போய், அவள் இடத்தில் குந்தி, பாத்திரத்திலிருந்து தானே அள்ளிக்கொண்டார். உப்பு கொஞ்சம் குறைவு. அவள் போட்டால் சரியாக இருக்கும்.

மூன்று மாதம் முடிந்தது. மறுபடியும் இளநீர் வண்டி, மறுபடியும் குப்பி. உமேஷ் நன்றாகத் தூங்குவதாக எழுதினான். லட்சுமம்மாவின் எச்சிலில் மன அழுத்தம் இறங்கியிருந்தது. ஜால்ரா கொடுக்கிற கவலை இல்லாமல் போனதுதான் காரணம் என்று சீனு சொன்னான், அவள் காதில் விழாதபடி. கடைசியாகச் சின்னப்பாவின் தாள்களை வைத்துக்கொண்டு இளவேனில் அவர் எதிரில் உட்கார்ந்தாள். மூச்சு அப்படியே இருந்தது, ஒரு புள்ளி ஏறவில்லை, இறங்கவில்லை. அது விசிலுடையது. கேள்வித்தாள்தான் அவளைக் குழப்பியது.

"மொதல்ல தனிமையா இருக்கீங்களான்னு கேட்டப்ப 'இல்லை'ன்னு போட்டீங்க. இப்ப 'பெரும்பாலும்'னு போட்டிருக்கீங்க. தூக்கமும் அப்படித்தான். அப்பப் பாடினதால உங்களுக்கு மோசமாயிருச்சுன்னு ஆகுதுங்கய்யா."

"மோசமாவல்லாம் இல்லம்மா. அப்ப படிவத்துக்குப் பதில் எழுதினேன். இப்ப நீ கேட்டேன்னு எழுதினேன்."

அவள் பேனாவை வைத்துவிட்டாள். இதை நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் இப்படி எழுதிக்கொள் என்றார்: பாட்டுக்கு ஓர் அடி போதவில்லை.

அடுத்த சனிக்கிழமை மைக் இல்லை, குழாய் இல்லை, கையெழுத்துப் போட்ட யாரும் எதற்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. ஷோபா காலையில் போன் செய்து, ஆராய்ச்சிதான் முடிந்துவிட்டதே, இனி என்ன என்று கேட்டிருந்தாள். ஜால்ரா என் கையில் இருக்கிறது, விட்டுவிட்டு எப்படி வருவது என்று சொல்லியிருந்தார். சிக்னல் நன்றாகவே கிடைத்தது.

முதல் பாட்டு கடைசி அடிக்கு வந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் சின்னப்பா உதட்டை இறுக்கிக்கொண்டு ஜால்ராவை மட்டும் தட்டினார். லட்சுமம்மா அந்த அடிக்குள் போகவில்லை. ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, துருத்தியை இழுத்து இழுத்து விட்டபடி நின்றாள். கூட்டமும் நின்றது. அவள் திரும்பாமல், தலையை மட்டும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாள்.

"உங்களுக்குத்தான் நிக்கறேன். சட்டுனு பாடுங்கண்ணா, சுண்டல் ஆறுது."